தறிக்குழியில் ஒரு சுரங்கம்

என் நண்பரின் தறிக்குழியைச் சுரங்கப்பாதை என்று ஊருக்குச் சொன்னவன் நான்தான். பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன், பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போன என் மச்சினர் குடும்பம் வழியில் ஆரணியில் இறங்கியது. மைசூர் அரண்மனையைப் பலமுறை பார்த்தவர்கள். "உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்ன மாமா இருக்குது?" என்றார் மச்சினர்.

"இது ஒரு ஜாகீரின் தலைநகரம். ஜாகீர்தார் குட்டி ராஜா மாதிரி" என்றேன். அதுவரை உண்மைதான். ஆனால் கோட்டை என்று நான் அழைத்துப்போன இடத்தில் அரசு அலுவலகங்கள் இருந்தன. மச்சினர் கொட்டாவி விட்டார். ஜாகீர்தாருக்கே வராத கோபம் எனக்கு வந்தது.

கடைசியாகப் புடவை பார்க்க நண்பர் வீட்டுக்குப் போனோம். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்யும் தறி அவருடையது. அவர் புடவை எடுத்துவர உள்ளே போனதும் மச்சினர் குழியை எட்டிப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார்.

எதிரி வந்தால் ஜாகீர்தார் பக்கத்துச் சமணக் குன்றான திருமலைக்குத் தப்பிப் போகும் சுரங்கம் என்றேன். வாசல் தெரியாதிருக்கவே மேலே தறி போட்டிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். கொட்டாவி நின்றது. மச்சினர் கைப்பேசியில் குழியை வீடியோ எடுத்தார், என்னையும் சேர்த்து.

அந்த வீடியோ பரவியது. பிறகு ஞாயிறுதோறும் நண்பர் வாசலில் வெளியூர்க் கார்கள் நின்றன. யாரும் புடவை கேட்கவில்லை. நண்பர் ஒவ்வொரு முறையும் கால்களை வெளியே எடுத்து வழிவிட்டார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் வந்தவர்கள் என்னை வரலாற்று ஆய்வாளர் என்று அழைத்தார்கள். கேட்க நன்றாக இருந்தது.

தேசூரில் ஒரு கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை தறியில் பாதிக்குமேல் வளர்ந்திருந்தது. நண்பர் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு பேர் குழியில் இறங்கி, சுரங்கம் தேடிக் கடப்பாரையால் பக்கச்சுவரைக் குத்தினார்கள். மண் சரிந்து தறிக்கால் சாய்ந்தது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் அறுந்தது. மணப்பெண் கடையில் வாங்கிய புடவையோடு மணையில் உட்கார்ந்தாள். மூன்று தலைமுறையாக நண்பரிடம் மட்டுமே முகூர்த்தப் புடவை எடுத்த குடும்பம் அது.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்தக் குழிய எங்கப்பா வெட்டுனப்ப மண்ணு வாரிக் கொட்டுனவன் நீ" என்றார். "அப்ப ஜாகீர்தாரு எந்தப் பக்கம் நின்னுகினு இருந்தாரு, வாத்தியாரே?"

அறுந்த இழைகளை முடிச்சுப் போட உட்கார்ந்தேன். என் முடிச்சுகளில் ஒன்றை இழுத்துப் பார்த்தார். அவிழ்ந்தது. "உன் கதையே கெட்டியா நிக்குது. இது நிக்கலியே."

முடிச்சுப் போடுவதை விட்டு, ஞாயிறுதோறும் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காரில் வந்த ஒவ்வொருவரிடமும் சுரங்கம் பொய், சொன்னவன் நான், இது நெசவாளர் கால் வைக்கும் குழி என்றேன். ஒருவர் சிரித்தபடி கேட்டார்: "ஒண்ணுமே இல்லன்னா காவலுக்கு ஏன் சார் உக்காந்துகினு இருக்கீங்க?" அடுத்த வாரம் வந்தவர்கள் என்னையும் படமெடுத்தார்கள். சுரங்கத்தைக் காப்பதாக ஜாகீர்தாரிடம் பரம்பரையாகச் சத்தியம் செய்த காவல்காரனாம் நான்.

"பெரிய பேஜாரா போச்சு. நீ வூட்டுக்குப் போ" என்றார் நண்பர். போனேன்.

ஒரு மாதம் கழித்து எட்டிப் பார்த்தேன். வேறொரு பாவு தறியில் ஏறியிருந்தது.

"இன்னும் வராங்களா?"

"வராங்க. காவல்காரர் எங்கன்னு கேக்கறாங்க. சுரங்கத்துல எறங்கினாரு, இன்னும் வரலன்னு சொல்லிட்டேன். பயந்துகினு வெளியவே நிக்கறாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை. குனிந்திருந்தார். ஊடைநூல் கோர்த்த நாடா இழைகளுக்கிடையே நிற்காமல் ஓடியது. என்னை உட்காரச் சொல்லவில்லை.