தாய்மாமன் சேலையில் ஏழரைத் தலை

நகரியிலிருந்து திருப்பதி வரை தறி ஓட்டுகிறவர்களில், ஒரு மணப்பெண்ணை ஒரே சேலையில் பாதியாகக் குறுக்கிக் காட்டிய ஆள் வேதாச்சலம் ஒருவர்தான். பாதி என்பது நான் சேர்த்த ஜரிகை. உள்ளபடி சொன்னால் கால்வாசிதான் குறைந்தாள், அதுவும் துணியில். ஆனால் அந்தக் கால்வாசிக்கு அவர் பட்ட வெட்கத்தில் நான் ஓர் இழைகூடக் கூட்டவில்லை.

வேதாச்சலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டோடு ஒரு தறி. சேலைக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுப்பதில் ஊரில் நல்ல பெயர். கட்டம் போட்ட தாளில் மாங்காய், மயில், யானை, கொடி என்று இருபத்தாறு வருஷமாகப் போட்டுவருகிறார். மனிதரை மட்டும் வரைந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மணமக்கள் உருவத்தையே முந்தியில் நெய்து கட்டிக்கொள்ளும் மோகம் இப்போதுதானே வந்தது!

அக்காள் மகள் ஹரிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆள் குள்ளம். மாப்பிள்ளை ஸ்ரீஹரி ஆறடி. நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுக்கும்போது அவள் குதிகாலைத் தூக்கி நின்றதை வேதாச்சலம் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் உண்டு. சின்ன வயதில் அவளுக்கு ‘அரை டிக்கெட்டு’ என்று பெயர் வைத்தது அவரேதான். விளையாட்டாக வைத்த பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் வந்து, “மாமா, நீ வெச்ச பேர நீயே எடுத்துக்கினு போ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம்.

அதை நினைத்துக்கொண்டுதான் அன்றைக்குச் சபையில் வாய்விட்டார்.

“தாய்மாமன் சேலய நானே நெய்யறேன். முந்தியில ரெண்டு பேரயும் ஜோடியா நிக்க வெக்கிறேன், பாருங்க!”

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தார். மாப்பிள்ளைக்குக் கை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பெண்ணுக்குக் கழுத்தே காணோம்.

மனைவி ரத்னம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாயா இது, தீவட்டி புடிக்கிறவனா?”

“மாப்ள.”

“அப்போ கல்யாணத்த நிறுத்திரலாம்.”

மறு ஞாயிற்றுக்கிழமையே புத்தூர் வழியாகப் போகிற பஸ் பிடித்துத் திருப்பதி போனார். ஒரு டிபன் கடைக்கு மாடியில் நீரஜா என்கிற பெண் படம் வரையச் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தாறு வயது, கோயில் கைங்கரியக் குடும்பம். வகுப்பில் மற்றவர்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்காகப் போட்ட பெஞ்சில் வேதாச்சலம் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

முதல் பாடம் அளவு. தலையின் நீளம்தான் அளவுகோல். நிற்கிற ஆள் சுமாராக ஏழரைத் தலை உயரம். மூன்றாவது தலை முடிகிற இடத்தில் தொப்புள், நாலாவதில் இடுப்பு முடிந்து தொடை, ஆறுக்குக் கொஞ்சம் மேலே முழங்கால் என்று பலகையில் கோடு கோடாகப் போட்டாள் நீரஜா. வேதாச்சலமும் போட்டார். அவர் போட்ட ஆள் பத்துத் தலைக்குக் குறையாமல் தென்னை மரம் மாதிரி நின்றான்.

“சார், காலை ஏன் இப்படி இழுக்கறேள்?”

“தெரியல டீச்சரம்மா. கை தானா போவுது.”

பக்கத்தில் இருந்த சின்னப் பெண் எட்டிப் பார்த்து, “அங்கிள், இவரு மொட்ட மாடியில துணி காயப் போட ஏணியே வாணாம்ல?” என்றது. வகுப்பே சிரித்தது. வேதாச்சலமும் சேர்ந்து சிரித்துவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். இறங்கிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டார். அப்படி எட்டு வாரம் கிழித்துப் போட்டார்.

வீட்டிலும் வழியிலும் பழகச் சொன்னாள் நீரஜா. கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே நிற்பவரின் தலையை அளக்க வேண்டும். அந்த அளவு உடம்பில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ண வேண்டும். வேதாச்சலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அளந்தார். எதிரே நின்றது ஒரு பெண் கண்டக்டர்.

“ஏம் பெத்தாயனா, ஈ வயசுலோ கன்னு கொடுதுன்னாவா?”

இந்த வயதில் கண்ணடிக்கிறாயா என்று அந்தம்மாள் கேட்டது நடைமேடை முழுக்கக் கேட்டது. “அளவு அம்மா, அளவு” என்றார் இவர். “அளவு எடுக்கறியா?” என்று அவள் தமிழிலேயே திரும்பிக் கேட்டதும் இன்னும் மோசமாகிப் போயிற்று. நகரி பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீகாளஹஸ்தி பஸ்ஸில் ஏறி, ரேணிகுண்டாவில் இறங்கி, சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஒன்பதாம் வாரம் படம் சரியாக வந்தது. கைக்கு எது தோன்றுகிறதோ அதைச் செய்யக்கூடாது என்று அவர் தன் கையைப் பழக்கியிருந்தார். ஏழரைத் தலை மாப்பிள்ளை, ஏழரைத் தலை மணப்பெண். இரண்டு தலையும் ஒரே அளவு.

“இந்த ஏழரை பொதுக்கணக்குதான் சார். நிஜத்துல ஆளுக்கு ஆள் மாறும். பொண்ணு அவ்வளவு உயரமா?” என்று நீரஜா கேட்டாள்.

“இல்ல டீச்சரம்மா. துணியிலயாவது நிக்கட்டும்.”

அதைக் கட்டம் கட்டமாகத் தாளில் ஏற்றி, அதன்படி அட்டையில் துளை குத்தி, தறியில் மாட்டினார். தறியில் துணியின் பின்பக்கம்தான் மேலே தெரியும். நெய்ய நெய்ய உருளையில் சுற்றிக்கொண்டும் போய்விடும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அறுத்துக் கூடத்தில் விரித்தார்.

இரண்டு குண்டுகள் நின்றன. முகம் அகன்று, தோள் பரந்து, கால் குட்டையாக.

ரத்னம்மா குனிந்து பார்த்தாள்.

“பரங்கிக்கா மாதிரி கீது ரெண்டும். ஏற்கெனவே குள்ளம்னு ஊரே பேசிக்கினு கீது. நீ தாய்மாமன், பட்டுல அச்சடிச்சே குடுத்துட்ட.”

எப்படி நடந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊடை நூலை அடித்து அடித்து இறுக்குவதால், தாளில் நாலு விரல் வரைந்தது துணியில் மூன்று விரலாக அமுங்கும். இருபத்தாறு வருஷமாக மாங்காயையும் மயிலையும் அவர் கை நீட்டித்தான் போட்டுவந்தது. அமுங்கிய பிறகு அளவாக நிற்கும். கைக்குத் தெரிந்த இந்தக் கணக்கை அவர் வாயால் ஒரு நாளும் சொல்லிப் பார்த்ததில்லை. வகுப்பில் பிள்ளைகள் சிரித்த தென்னைமரம்தான் தறிக்கு ஏற்ற ஆள். அதைத்தான் வாராவாரம் கிழித்துப் போட்டிருந்தார்.

மறுபடி நெய்ய நாள் இல்லை. முந்தி உள்ளே போகும்படி மடித்து, தட்டில் வைத்து, திருச்சானூர் மண்டபத்தில் ஹரிதா கையில் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிரிச்சுக் காட்டு மாமா.”

“அப்புறம் பாத்துக்கோ. பந்தியில ஆளு கம்மியா கீது” என்று சொல்லி நழுவினார்.

சாயங்கால வரவேற்பு முழுக்கப் பந்தியில் ரச வாளியோடு நின்றார். முந்தியைச் சின்னச் சின்ன மடிப்பாக எடுத்து ஊசி குத்திவிட்டால் உருவம் தெரியாது. அப்படித்தான் கட்டியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது பந்தியில் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்:

“பொண்ணு முந்திய பாத்தியா நைனா? ஜோடிப் பிள்ளையாரு. புது மாடலு!”

வேதாச்சலம் ஊற்றிய ரசம் இலையைத் தாண்டி அவர் மடியில் ஓடியது. மேடையில் மைக் பிடித்தவன், “மேனமாமகாரு ஸ்டேஜி மீதிகி ராவாலி” என்று மூன்று முறை தாய்மாமனை அழைத்தான். தாய்மாமன் மேஜைக்கு அடியில் குனிந்து, விழாத கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். போட்டோவில் அவர் இல்லை. இன்றைக்கும் அந்த ஆல்பத்தை யாராவது எடுத்தால் தறிக்குப் போய்விடுவார்.

கல்யாணம் முடிந்த வாரமே நீரஜாவிடம் போய், செல்போனில் எடுத்து வைத்திருந்த சேலைப் படத்தைக் காட்டினார். விஷயத்தைக் கேட்டவள் படத்தை மேல்வாக்கில் மட்டும் இழுத்து நீட்டினாள். குண்டுகள் இரண்டும் நிமிர்ந்து மனிதர்களாயின.

“சார், நீங்க முதல் நாள் போட்ட படத்தை நான் திருத்தியிருக்கவே கூடாது.”

“நான் நெசவாளின்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையே, டீச்சரம்மா. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

மூன்று மாதம் கழித்து இரண்டாவது சேலையை நெய்தார். தாளில் ஆளை நீட்டிப் போட்டார். துணியில் அளவாக வந்தது. இந்த முறை பொய் இல்லை. பென்சில் பிடித்து அளந்தபடி, ஸ்ரீஹரியின் தோளுக்கு ஹரிதாவின் தலை. முகம் அவள் முகமேதான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, “அத்த தூக்கிப் போட்டுடு, இத்த கட்டு” என்றார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். தலைப்பொங்கலுக்கு அவள் கட்டி வந்ததோ பழையதைத்தான். மாமன் மனசு நோகக் கூடாதென்று, பாவம் பார்த்து, அவர் வெட்கத்தையும் சேர்த்து அவள் உடம்பில் சுற்றிக்கொண்டு வந்தாள் என்று எழுதி முடித்தேன்.

எழுதியதை, பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஹரிதா அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல ஆயா. அடிச்சுடு இத்த. புதுசுல நான் அவரு தோளுக்குத்தான் கீறேன். மாமா நெய்ஞ்ச ரெண்டு சேலையில, அந்தப் பழசுல மட்டும்தான் அவரும் நானும் ஒரே உசரம்.”