பூண்டுப் பாலும் ஆறு மாடி லிஃப்டும்

நான் நான்காம் வகுப்பு வரை படித்தவன். யாரிடமும் நின்று பேச வராது. அதனாலேயே லிஃப்ட் வேலை எனக்குப் பிடித்துப்போனது. உள்ளே வருகிறவர்கள் மாடியைச் சொல்வார்கள், நான் பொத்தானை அழுத்துவேன். அதன் பிறகு எல்லோரும் கதவுக்கு மேலே எரியும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நாள் முழுக்க ஆட்களோடு இருக்கலாம்.

எம்.ஜி. ரோடு பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் அது. முதலில் இருந்தது கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட், காற்று வந்து போகும். தொண்ணூறுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டு, தானே மூடிக்கொள்ளும் இரும்புப் பெட்டியைப் போட்டார்கள். அப்போதுதான் என் வயிற்றின் சங்கதி வெளியே வந்தது.

காலை பதினோரு மணிக்கெல்லாம் வயிறு பானை மாதிரி உப்பிவிடும். எவ்வளவு அடக்கினாலும் சில சமயம் கை மீறிப் போகும். அழுகிய முட்டை நாற்றம். ஒரு வார்த்தை பேசாமல் கைக்குட்டைகள் மூக்குக்குப் போகும். யார் என்று அவர்கள் தேட வேண்டியதில்லை. எல்லோரும் இறங்கிப் போன பிறகும் உள்ளேயே நிற்கிறவன் நான் ஒருவன்தான். நான்காவது மாடி ஆபீஸ் பெண்கள் படி ஏற ஆரம்பித்தார்கள்.

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"வாயுவுக்குப் பூண்டுதான்யா மருந்து. எங்க வீட்ல எல்லாரும் அதான் குடிப்பாங்க" என்றாள்.

தினமும் விடிந்ததும் பூண்டு உரித்துப் பாலில் வேக வைத்துக் கொடுத்தாள். மதியத்துக்குப் பூண்டு ரசம். நான் இளைத்துப் போகிறேன் என்று கோஸ் பொரியலில் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிக் கட்டிக் கொடுத்தாள். வயிறு அடங்கவில்லை. ஆறு பல் பூண்டு பத்தானது, பத்து பதினைந்தானது. உரித்து உரித்து அவள் நகக்கண் எரியும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். இப்படியே இரண்டு வருடம்.

ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"நோடப்பா, இங்க பாரு, சொல்றதுக்கு எனக்கே வெட்கமா இருக்கு. நாலாவது மாடியிலேர்ந்து லெட்டர் குடுத்திருக்காங்க, லிஃப்ட் நாறுதுன்னு. லிஃப்ட்டுன்னா கழுவி விட்டுடலாம். உன்ன என்ன பண்றது? யுகாதி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல நீ பம்ப் ரூமுக்குப் போயிடு."

பம்ப் ரூம் என்றால் தண்ணீர் லாரிக்காரர்களோடு நாள் முழுக்கக் கத்திச் சண்டை போடுகிற வேலை. எனக்கு அந்தத் தொண்டை கிடையாது.

அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக் குருசாமி கறாரானவர். கறி, முட்டை, வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, கோஸும் முள்ளங்கியும்கூட வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். மனைவி பூண்டுக் கூடையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். இரண்டு வாரத்தில் வயிறு தட்டையாகிவிட்டது. வெறுங்காலோடு லிஃப்டில் நிற்பேன். "சாமி, மூணாவது" என்று மரியாதையாகச் சொன்னார்கள். நான்காவது மாடிப் பெண்களும் திரும்பி வந்தார்கள். ஐயப்பன் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினேன். அன்றைக்கே மனைவி ஆசையாக முட்டைக் குழம்பும் கோஸும் செய்தாள். மறுநாள் காலையில் பூண்டுப் பால். இரண்டே நாளில் லிஃப்டில் மறுபடியும் கைக்குட்டைகள்.

"ஏன் சாமி, மாலையோட சேத்து எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டியா?" என்றார் சூப்பர்வைசர். வாசலில் இருந்த செக்யூரிட்டிகள் சிரித்தார்கள். "பேசாம வருஷம் பூரா மாலை போட்டுக்கோ குரு!" என்றான் அவர்களில் ஒருவன்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பேச்சு கூடவே வந்தது. மாலை போட்டிருந்தபோதும் இதே அரிசிதான், இதே பருப்புதான், இதே குழாய்த் தண்ணீர்தான். இல்லாமல் இருந்தது பூண்டு, வெங்காயம், முட்டை, கோஸ், முள்ளங்கி. பூண்டுப் பால் தொடங்கும் முன்பும் இவை எங்கள் சமையலில் எப்போதும் இருந்தவைதான். அல்சூர் ஏரி ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? எரிகிற விரலோடு டம்ளரை நீட்டுகிறாள். மூன்று நாள் பாலைக் குளியலறையில் ஊற்றினேன். நான்காம் நாள், சாக்கடைக் கம்பி வலையில் சிக்கியிருந்த பூண்டுப் பற்களை அவள் பார்த்துவிட்டாள்.

"நான் செஞ்சது அவ்ளோ கசக்குதா?"

"கசக்கல. அது மருந்து இல்ல. அதுதான் நோவு."

மாலை போட்ட நாட்களை எடுத்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா நானாய்யா உன் வயித்தக் கெடுத்தேன்?"

"நீ கெடுக்கல. பூண்டு கெடுத்துச்சு."

அன்று சாயங்காலமே விவேக் நகரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நான் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். இந்தச் சாமான்களில் எல்லாம் கந்தகச் சத்து அதிகம் என்றார் டாக்டர். நிறையப் பேருக்கு ஒன்றும் செய்யாதாம், சில வயிறுகளுக்குத்தான் ஒத்துக்கொள்ளாதாம்.

"தீக்குச்சில இருக்குமே, அந்தக் கந்தகமா?" என்று திகைத்தாள்.

"அதேதான்மா, ஆனா சாப்பாட்டுல வேற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. கொஞ்ச நாள் எல்லாத்தையும் நிறுத்துங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சேத்துப் பாருங்க, எது ஆகலைன்னு தெரிஞ்சிடும்."

அப்படியே செய்தோம். நன்றாக வதக்கிய வெங்காயம் கொஞ்சம் ஒத்துக்கொண்டது. பூண்டும் முட்டையும் ஆகவே இல்லை. கோஸ் விஷயத்தில் எனக்கு இன்னும் பயம்தான்.

யுகாதிக்கு ஒரு வாரம் இருக்கும். மதியச் சோற்றைக் கொடுக்க மனைவியே கட்டடத்துக்கு வந்தாள். பீர்க்கங்காய்க் கூட்டு வாசம் தூக்குச் சட்டியிலிருந்து வந்தது. அவள் அதுவரை லிஃப்டில் ஏறியதில்லை. உள்ளே கூட்டிக்கொண்டேன். நான்காவது மாடிப் பெண்களில் இரண்டு பேர் கூடவே ஏறி, பேசிச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். கதவு மூடியதும் அவள் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஒண்ணும் இல்லய்யா" என்றாள்.

கீழே கதவு திறந்தபோது சூப்பர்வைசர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், அவள் கையில் இருந்த தூக்கைப் பார்த்தார். "பம்ப் ரூமுக்கு வேற ஆள் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் இறங்கவில்லை. "இன்னொரு வாட்டி மேல போலாமா?" என்றாள். நான் ஆறை அழுத்தினேன்.