சாவி மாட்டிய முள்

அந்த டாக்டர் என் நோயைச் சொன்னதில் எனக்கு வருத்தம்தான் வந்தது. கோபம் வந்தது, அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியால்.

பதினோரு வருடங்களாக நானும் என் மனைவியும் மரம் வெட்டிப் பிழைக்கிறோம். வீடு கிள்ளானில். வேலை எங்கே கூப்பிட்டாலும் போவோம். ஒரு நாள் காஜாங், மறுநாள் சுங்கை பூலோ. சங்கிலி ரம்பம் என் கையில். அதை நாங்கள் மெஷின் என்றுதான் சொல்வோம். லோரி ஓட்டுவது அவள், கயிறு பிடிப்பது அவள், யாரும் குறுக்கே வந்துவிடாமல் கத்துவதும் அவள். கத்துவதில் அவளுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

சில மாதங்களாகக் காலையில் எழுந்தால் என் வலது கை விரல்கள் வெளுத்திருக்கும். கிள்ளினால் தெரியாது. சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். மரம் வெட்டுகிறவன் கை மரத்துப் போகாமல் என்ன செய்யும் என்று டாக்டரிடம் ஜோக் அடித்தேன். டாக்டர் சின்னப் பெண். சிரிக்கவில்லை. மெஷினின் அதிர்வு நரம்பைக் கெடுத்திருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே போனால் பொத்தான் போடவே முடியாது என்றார். வேலையை விட்டுவிடச் சொன்னார். நான் மெஷினை மரத்தில் வைத்து எப்படி அழுத்துவேன் என்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். அப்போதுதான் அதைக் கேட்டார்.

"மெஷின்தானே வெட்டுது? நீங்க எதுக்கு அங்கிள் அழுத்துறீங்க?"

இவருக்கு என்ன தெரியும் மரத்தைப் பற்றி என்று எனக்கு மூக்கு விடைத்தது. லோரியில் ஏறியதும் மனைவி, மெஷினை விற்றுவிடலாம், பங்சாரில் ஏதாவது ஆபீஸில் காவல் வேலை கிடைக்கும் என்று ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இது எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் பாதி வழியில், அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், நான் ஏன் அழுத்துகிறேன்?

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் சங்கிலி வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீனர். எங்களுக்குள் பேச்சு பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில் நடக்கும். மெஷினைப் பார்த்ததும் அவர் கேட்டது, இதன் முள் எங்கே?

என்ன முள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மெஷினின் முகப்பில், சங்கிலி ஓடும் நீளப் பட்டை தொடங்கும் இடத்தில், இரண்டு போல்ட் ஓட்டைகள் சும்மா கிடந்தன. அங்கேதான் அது இருக்க வேண்டுமாம். அலமாரியிலிருந்து மூன்று வகை எடுத்து மேசையில் போட்டார். ஒன்று பிளாஸ்டிக்கில், பெயருக்குப் பல் வைத்தது. ஒன்று இரும்பு, பல் குட்டை. மூன்றாவது ஜோடியாக வந்தது, பட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, ஒவ்வொரு பல்லும் சுண்டுவிரல் நீளம்.

எனக்கு ஒன்று புரியாவிட்டால் எதிராளியை விடமாட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். எதற்கு இத்தனை தினுசு? மரத் தோல் தடிமனாக இருந்தால் நீளப் பல், இல்லையென்றால் அது தோலை மட்டும் கவ்விக்கொண்டு வழுக்கும் என்றார். நல்ல கெட்டி மரம், மெல்லிய தோல் என்றால் குட்டைப் பல்லே போதும். எல்லாவற்றுக்கும் பெரியதையே மாட்டிவிட்டால் என்ன? பட்டையில் ஒரு விரல் நீளம் வீணாகும், கிளை கழிக்கும்போது சிக்கும். ஆங்கிலத்தில் இதை நாய் என்பார்களாம். நாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அதையும் கேட்டேன். கடித்தால் விடாது என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பிறகு கைமுட்டியை மேசை விளிம்பில் ஊன்றி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். முள் மரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தை வைத்துப் பின் கைப்பிடியைத் திருப்பினால் போதும், பட்டை தானாக மரத்துக்குள் போகும். கதவு கீலில் திரும்புகிற மாதிரி. தள்ள வேண்டியதில்லை. சங்கிலி மொட்டையாக இருந்தால் மட்டும் இதை வைத்து நெம்பாதே, பட்டை சூடாகி வெட்டு கோணலாகும் என்றார். எனக்கு அசடு வழிந்தது. பதினோரு வருடமாக முள்ளின் வேலையை என் கை செய்திருக்கிறது.

எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர், பெட்டியிலேயே ஒன்று வந்திருக்குமே, அது என்ன ஆயிற்று என்றார்.

அட, ஆமாம். ஞாபகம் வந்தது. எங்கள் முதல் வேலை கிள்ளான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். செம்பனை என்றால் எண்ணெய்ப்பனை, முழுக்க நார். அந்தப் பல்லில் நார் சுற்றிச் சுற்றி அடைத்துக்கொள்ள, சனியன் என்று நான்தான் கழற்றி வீசினேன். செம்பனைக்கு அது சரி. அதற்குப் பிறகு எங்களுக்கு வந்ததெல்லாம் வீட்டோர மரங்கள், சாலையோர மரங்கள், கெட்டி மரங்கள். திரும்ப மாட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். மனைவி என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். நாலு பல் வைத்த இரும்புத் தகடு என்றேன். அவள் வாசல் பக்கச் சுவரைக் காட்டினாள். லோரிச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது, முள்ளில். அன்றைக்கு நான் வீசியதை எடுத்து, கழுவி, அவளே இரண்டு திருகாணி போட்டு மாட்டியிருக்கிறாள். பதினோரு வருடம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

அதைக் கழற்றி மெஷினில் மாட்டி, வீட்டுக்குப் பின்னால் கிடந்த அங்சானா மரத் துண்டுகளில் ஒரு வாரம் வெட்டிப் பார்த்தேன். முள்ளை ஊன்று, கைப்பிடியைத் தூக்கு, பட்டை இறங்குகிறது. பாதி போனதும் முள்ளைக் கீழே மாற்றி ஊன்று, மறுபடி தூக்கு. தோள் வலிக்கவில்லை. எனக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். ஒரு நாள் மனைவி என் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு தானும் பார்க்கிறேன் என்றாள். விளையாட்டாகத்தான் கொடுத்தேன். அடுத்த நாளும் கேட்டாள், அதற்கு அடுத்த நாளும். வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டாள். நடுவில் மெஷினை அணைத்து, சீவல் வரவில்லை, தூள் வருகிறது, சங்கிலியை அரம் போடுங்கள் என்று எனக்கே உத்தரவு போட்டாள். கயிறு பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் அவள் பார்த்தது மரத்தை மட்டும் இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒன்றை அவளிடம் மறைத்தேன். தோள்தான் லேசானது. விரல்கள் காலையில் பழையபடியே வெளுத்திருந்தன. முள் பாரத்தை வாங்கிக்கொண்டது, அதிர்வை வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை. பழைய அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம், வேர் சாக்கடையைத் தூக்கிவிட்டது. கிளைகளை முந்தின நாளே கிரேன் வைத்து இறக்கியாயிற்று. நின்றது இரண்டு ஆள் உயர அடிமரம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் கொட்டகை, நடுவில் விழ ஒரு சந்து. விழவேண்டிய பக்கம் மரத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டினேன். பின்பக்கம் வந்து முள்ளை ஊன்றினால், வழுக்கியது. தூங்குமூஞ்சியின் தோல் அவ்வளவு தடிமன், என் முள்ளோ குட்டைப் பல். பெரியதை வாங்காமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மனைவி கயிற்றைக் கட்டிவைத்துவிட்டுப் பாராங் கத்தியோடு வந்தாள்.

"தோலைச் சீவிட்டு ஊனுங்களேன். பலாக்காய்க்கு என்ன பண்றோம்?"

முள் உட்காரும் இடத்தில் மட்டும் அவளே தோலைச் செதுக்கி எடுத்தாள். உள்ளே வெள்ளை மரம் தெரிந்தது. முள் நறுக்கென்று கடித்தது. பாதி வெட்டு வந்ததும் மூடிக்கொள்ளாமல் இருக்க ஆப்பைத் தட்டினேன். மறுபடி மெஷினை எடுத்தேன். அப்போதுதான் விசையின் மேல் என் விரல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போனது. குனிந்து கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. மெஷினை அணைத்தேன். பயந்துவிட்டேன். பாதி வெட்டிய மரத்தை அப்படியே விட்டுப் போக முடியாது. மேல்மாடிகளில் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வந்து என் கையைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"கயித்தைப் பிடிங்க," என்றாள். "நான் முடிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கயிற்றுப் பக்கம் போனேன். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் மரம் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறது, மெஷின் பிடித்திருப்பவர் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறார்! அவள் முள்ளை ஊன்றினாள். தள்ளவில்லை. கைப்பிடியை மெதுவாகத் திருப்பினாள், நிறுத்தினாள், இடம் மாற்றி ஊன்றினாள், மறுபடி திருப்பினாள். சீவல் சீவலாகக் கொட்டியது. வாய்க்கும் வெட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் மரம் மீதியிருக்கும்போது மெஷினை அணைத்து விலகி, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இழுத்தேன். மரம் சந்தின் நடுவில் விழுந்தது. கொட்டகையில் ஒரு கண்ணாடிகூட ஆடவில்லை.

அவள் குனிந்து பல்லிடுக்கில் இருந்த மரத்துணுக்கைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெஷினை விற்க வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும்போது லோரியை நான் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து சாவியை மாட்டச் சுவரிடம் போய் நின்றேன். முள் இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள்தான் இருந்தன.

"சாவியை எங்க மாட்டுறது?" என்றேன்.

"உங்க பையிலயே வச்சுக்குங்க," என்றாள். "இனிமே நீங்கதான் ஓட்டப் போறீங்க."

பிறகு அருகில் வந்து, காலையில் நான் போட முடியாமல் விட்டிருந்த மூன்றாவது சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.