புதிதாக ஒன்றும் இல்லை

மருந்துக்கடை அக்காவுக்கு அந்தத் தெரு வைத்த பெயர் பேட்ச் நம்பர். தலைவலி மாத்திரை கேட்டுப் போனாலும் அட்டையைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டுதான் கொடுப்பாள். பக்கத்திலேயே வாங்கியவர் பெயரும் போன் நம்பரும். பின்னால் நிற்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாத்திரைக்கு ஜாதகமா எழுதறீங்க? குடுங்கக்கா" என்பார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பிதான் அவளுக்கு எல்லாம். அவனுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. மாதம் பிறந்தால் அதை அவளே கையோடு கொண்டுபோய்க் கொடுப்பாள். வேறு கடையில் வாங்கினான் என்று தெரிந்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

அந்த ஆபரேஷன் சமயத்தில்தான் ஃபீட் பழக்கம் அவளைத் தொற்றியது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் கோளாறான மருந்துகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அறிவிப்புகளைத் தன் இணையதளத்தில் போடும். தினமும் யார் போய்த் தேடுவது? போனில் ஒரு செயலியில் அந்தத் தளத்தின் ஃபீட் முகவரியைக் கொடுத்துவிட்டாள். புதிதாக எது வந்தாலும் செயலியே இழுத்துவந்து காட்டும். வந்தால் சிவப்புப் புள்ளி. புள்ளி இல்லையா, எல்லாம் நலம். ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். "என் கண்ணுக்குத் தப்பி ஒரு கெட்ட மருந்து உள்ள வராது" என்று பெருமையாகச் சொல்லுவாள். அந்தப் பெருமைக்கு அவள் தகுதியானவள்தான், அதையும் சொல்ல வேண்டும். இரண்டு முறை மற்ற கடைக்காரர்களுக்கு அவள்தான் போன் போட்டு எச்சரித்தாள்.

அந்த மாதம் ஒரு புள்ளிகூட வரவில்லை. பட்டியலின் கீழே 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று மட்டும் நின்றது. நாலாவது வாரமும் அப்படியே. அவள் சந்தோஷப்பட்டாள். குரைக்காமல் படுத்திருக்கும் நாயை நாம் எழுப்பிப் பார்க்கிறோமா என்ன? தூங்குகிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"என்னடா இது?"

"டைல்ஸ் பெட்டி இடிச்சிருக்கும்க்கா. ஞாபகம் இல்ல."

"பல் தேய்ச்சாலும் ரத்தமா வருது அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"பிரஷ்ஷ மாத்தச் சொல்லு. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி தேய்ப்பான்" என்று சிரித்தாள் அக்கா. சிரித்தாளே தவிர, மனசு ஒரு கணம் இடறத்தான் செய்தது. போனை எடுத்துப் பார்த்தாள். புள்ளி இல்லை. நிம்மதியாகி, புது மாதத்து அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மொத்த வியாபாரியின் ஆள் வந்தான்.

"அக்கா, எல்லாக் கடையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. நீங்க மட்டுந்தான் பாக்கி."

"எத?"

அவன் காகிதத்தை நீட்டினான். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அதே மாத்திரை, பேட்ச் எண்ணோடு. அட்டையில் போட்டிருப்பதைவிட மூன்று மடங்கு வீரியம். உடனே நிறுத்த வேண்டும். தேதி, மூன்று வாரத்துக்கு முந்தையது.

"எனக்கு ஒண்ணும் வரலயே" என்றாள். போனைத் திறந்து காட்டினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "இது பழைய தளம்க்கா. போன மாசமே புதுசுக்கு மாறிட்டாங்க. பழச மூடல, அப்படியே விட்டுட்டாங்க. அதுல இனிமே எதுவும் வராது."

செத்துப்போன ஒன்றைத்தான் தினமும் காலையில் திறந்து பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறாள். நோட்டைப் புரட்டினாள். அந்த பேட்ச் பதினோரு பேருக்குப் போயிருந்தது. முதல் வரியில் தம்பி, போன மாதமே.

அவன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். தம்பி மனைவி எடுத்தாள்.

"அவன் எங்கம்மா?"

"படுத்திருக்காரு அண்ணி. விடிஞ்சதுலேர்ந்து மண்டை இடியா இடிக்குதுன்னாரு. ஒருதடவ வாந்தியும் எடுத்தாரு. வேலைக்குப் போகவேண்டாம்னுட்டேன்."

"மாத்திரை?"

"அதெல்லாம் தவறவிடுவேனா அண்ணி? நீங்க ஞாயித்துக்கிழம குடுத்ததுலேர்ந்துதான் குடுத்தேன். அப்புறந்தான் நல்லாத் தூங்கறாரு. கொறட்டகூட வித்தியாசமா இருக்கு."

மண்டையிடி, வாந்தி, மாறிய குறட்டை: மூளைக்குள் ரத்தம் கசிந்தால் இப்படித்தான் என்று அக்காவுக்குத் தெரியும். "எழுப்பு" என்றாள். "போன வைக்காத. இப்பவே எழுப்பு."

மொத்த வியாபாரியின் ஆள், யாரும் சொல்லாமலே நோட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது வரியில் இருந்தவருக்குத் தன் போனில் அடிக்க ஆரம்பித்தான்.

போனில் கொலுசுச் சத்தம் உள் அறைக்குப் போனது. "என்னங்க" என்றாள் தம்பி மனைவி. கொஞ்சம் பொறுத்து, "என்னங்க, அண்ணி பேசறாங்க." கட்டில் குலுங்கியது. "என்னங்க." பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், தம்பியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.