கனிவான கவனத்திற்கு

அந்த ரயில் நிலையத்தில் கால் வைத்த யாருக்கும் மைக்கக்காவின் குரல் தெரியும், முகம் தெரியாது. இரண்டாவது நடைமேடையின் கோடியில், சரக்கு அறையை ஒட்டி, ஒரு கண்ணாடிக் கூண்டு. எந்த வண்டி எப்போது வரும், எது வரவே வராது என்று அதற்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பேசும்போது மின்விசிறி ஓடக் கூடாது. அதன் கடகடப்பையும் மைக் பிடித்து ஊருக்கே சொல்லிவிடும். விசிறியை நிறுத்து, மணியை அழுத்து, பேசு, விசிறியைப் போடு. நாள் முழுக்க இதே கதைதான். வண்டி தாமதமானால் ஓட்டுநரைப் பிடித்துத் திட்ட முடியாதவர்கள் கண்ணாடியைத் தட்டி இவளைத் திட்டிவிட்டுப் போவார்கள். அவள் முகம் சுளித்ததே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகவே சுளிப்பாள். குரலில் காட்ட மாட்டாள், அவ்வளவுதான். சம்பளம் அதற்குத்தானே.

அவளுக்கு ஒரே மகள். எட்டு வயது. நிலையத்துக்காரர்கள் அவளுக்குச் ‘சின்ன மைக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சின்ன மைக் நான்கு வயதுவரை ஒரு சொல் பேசவில்லை. சொந்தபந்தம் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்று சொன்னபோது, அதையும் ஏதோ காய்ச்சல் மாதிரி எத்தனை நாளில் போகும் என்று கேட்டது. மைக்கக்கா யாரிடமும் வாதாடவில்லை. வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய், கூண்டுக்குள் மேசைக்கு அடியில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார வைத்தாள். ஒரு மாலை வீட்டில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, தலையில் சோப்பு நுரையோடு பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றது. தாய் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சுத்தமான எழுத்துத் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அந்தப் பெண்தான். கேரட்டைத் தட்டில் வைத்தால், “ரத்து செய்யப்படுகிறது.” அப்பாவைக் காணோம் என்றால், “சற்று தாமதமாக வந்து சேரும்.” இரவில் போர்வை, தலையணை, செருப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, “அனைத்து வண்டிகளும் வழக்கம்போல் இயங்கும்” என்று சொன்னால்தான் தூக்கம். ஒருமுறை படியில் விழுந்து முழங்காலில் ரத்தம் வந்தபோது, “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்றாள். சிரமம் என்றால் வலி என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தப்பு என்று எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு டயர் கிடங்கில் இரவு வேலை. அவர் வர, இவள் போக. இவள் வர, அவர் போக. வாசற்படியில் நின்று பிள்ளையைக் கைமாற்றிக்கொள்வார்கள். “நாம புருஷன் பொண்டாட்டியா, கிராஸிங்ல நிக்கிற ரெண்டு வண்டியா?” என்று ஒருநாள் கேட்டார். “வண்டின்னா அஞ்சு நிமிஷமாவது நிக்கும்” என்றாள் மைக்கக்கா.

இரண்டு பள்ளிகள் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துக் கையை விரித்த பிறகு மூன்றாவது பள்ளிதான் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது. வகுப்பு டீச்சர் சின்ன வயது, பொறுமைசாலி. ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார்தான் எத்தனை பேரைப் பார்ப்பது? ஒருநாள் காலையிலிருந்தே சின்ன மைக், “சிரமத்திற்கு வருந்துகிறோம், சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டீச்சர் பாவம், பிள்ளை எதற்கோ மன்னிப்புக் கேட்கிறது என்று நினைத்து, “பரவாயில்லடா, உட்காரு” என்று ஒவ்வொரு முறையும் அன்பாகச் சொன்னாள். மதியம் அந்தப் பிள்ளை வீறிட்டுக் கத்தி, மேசையைக் கவிழ்த்து, பக்கத்துப் பையனின் சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் வழியே எறிந்துவிட்டது. மைக்கக்கா வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். காதில் சீழ் வைத்திருந்தது. காலையிலிருந்து அந்தப் பிள்ளை வலிக்கிறது, வலிக்கிறது என்று தன் பாஷையில் கதறியிருக்கிறது.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷி இல்லை. கறாரான மனுஷி.

“காது வலின்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? சொன்னதையே சொல்லுது, கிளிப்பிள்ளை மாதிரி. தனக்கு என்ன வேணும்னு சொல்லத் தெரியணும்ல? நாளைக்கு வேற ஏதாவது ஆனா நான்தானே பதில் சொல்லணும்?”

“சொல்றா மேடம். நமக்குத்தான் புரியல.”

“உங்களுக்குப் புரியுது. நீங்க இங்க இல்லையே. ஒண்ணு, கூடவே உக்கார ஒரு ஆளைப் போடுங்க, உங்க செலவுல. இல்லேன்னா பருவம் முடியறதுக்குள்ள அவளே கேக்கக் கத்துக்கட்டும். நான் நேர்ல பார்க்கிறேன். ரெண்டும் முடியலேன்னா, மன்னிச்சுக்குங்க, வேற பள்ளிக்கூடம் பாருங்க.”

வேறு பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? கேட்பவருக்கு அது ஒரு வாக்கியம். மைக்கக்காவுக்குக் காலடித் தரையே நழுவியது.

உதவியாள் கேட்ட சம்பளம் வீட்டு வாடகையைவிட அதிகம். இருந்தாலும் அதைச் சேர்க்க மைக்கக்கா இன்னொரு அறிவிப்பாளரின் மாலை முறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். இப்படியே தொண்டையைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று கணவர் கேட்டபோது, “தேயறதுக்குத்தானே தொண்டை” என்றாள். அந்த மாதிரிப் பேச்செல்லாம் அவளுக்கு நன்றாக வரும்.

பாடமும் தொடங்கியது. “எனக்கு வலிக்குது, சொல்லு கண்ணு. எனக்கு உதவி வேணும், சொல்லு.” பிள்ளை ஜன்னலைப் பார்த்தது. எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை சுவரைப் பார்த்தது. மணிச் சத்தம் இருந்தால்தான் காதில் ஏறும்போல என்று பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டிவிட்டுச் சொன்னாள். சின்ன மைக் அந்த மூடியை வாங்கி, பாத்திரத்தின் மேல் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள். போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்?

சனிக்கிழமைகளில் பள்ளி இல்லை. பிள்ளை மேசைக்கு அடியில் இருக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிலையம் அமைதியாக இருந்த நேரத்தில், மைக்கக்கா விசிறியை நிறுத்தினாள், மணியை அழுத்தினாள். இத்தனை வருட வேலையில் ஒரு எழுத்துகூட மாற்றிப் பேசாத மனுஷி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எனக்கு வலிக்கிறது. எனக்கு உதவி தேவை.”

நடைமேடை திகைத்து நின்றது. ஒரு பெரியவர் கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துக்கொண்டு கூண்டை நோக்கி ஓடி வந்தார். ஒரு அம்மா, “பிரசவ வலியா, பிரசவ வலியா?” என்று கேட்டுக்கொண்டே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே தொப்பியைக் கையில் பிடித்தபடி நிலைய அதிகாரி. மேசைக்கு அடியில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பிள்ளை ஆடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, மேலே ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்ததை மைக்கக்கா கவனித்தாள்.

“என்னம்மா இது? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? இது என்ன உங்க வீட்டு மைக்கா?”

“தப்புதான் சார்.”

“எனக்கு மேலேருந்து கேப்பாங்கம்மா! யாருக்கு வலி? எங்க வலி?”

மைக்கக்கா சொன்னாள். பள்ளிக்கூடம் சொன்னது, காது வலி, பாத்திர மூடி, எல்லாவற்றையும். அழாமல் சொன்னாள், வண்டி தாமதத்தைச் சொல்கிற அதே குரலில். அதிகாரி தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். விதியை மீறியதற்காக ஒருநாள் சம்பளத்தைப் பிடித்தார். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார்:

“காலையில ஒரு தடவை மைக்கை சோதிக்கலாம்னு விதி இருக்கு. சோதிக்கும்போது என்ன சொல்லணும்னு விதியில இல்ல.”

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமைகளிலும் நிலையம் விழித்ததே அந்தக் குரலில்தான். “மைக் சோதனை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எனக்கு வலிக்கிறது. எனக்கு உதவி தேவை.” சுமை தூக்குகிறவர்களுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. கனமான பெட்டியைத் தூக்கும்போதெல்லாம், “எனக்கு வலிக்கிறது, எனக்கு உதவி தேவை!” என்று ராகம் போட்டார்கள். துப்புரவுப் பெண்கள் சொன்னார்கள். டீக்கடைப் பையன்கூடச் சொன்னான். நிலையத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லாத ஆள் ஒருத்திதான். அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் வாக்கியம் வரவில்லையே என்று மைக்கக்கா அந்த வாரங்களில் உள்ளுக்குள் நொறுங்கித்தான் போனாள். காலையில் எழுந்து மறுபடியும் மைக்கைச் சோதித்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி இதுதான்.

தலைமையாசிரியை குறித்த நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் எங்கோ சிக்னல் பழுதாகி எல்லா வண்டியும் தாமதம். காலை முறையும் மாலை முறையுமாக மைக்கக்கா விடாமல் பேசித் தீர்த்தாள். விடிந்து எழுந்து கணவருக்கு போன் செய்ய வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஊருக்கே சொல்கிற குரல், சொந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டிய நாளில் கையை விரித்துவிட்டது. கணவரோ கிடங்கில் லோடு இறங்கத் தாமதமாகி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனாள்.

தலைமையாசிரியையின் அறையில் வகுப்பு டீச்சரும் இருந்தாள். மேசைமேல் காகிதக் கட்டு, கண்ணாடிக் குடுவை, பியூனைக் கூப்பிடத் தட்டுகிற சின்ன மணி.

“உனக்குத் தண்ணி வேணும்னா என்னம்மா சொல்லுவே?”

சின்ன மைக் விசிறியைப் பார்த்தாள்.

“பென்சில் உடைஞ்சு போச்சுன்னா? வயிறு வலிச்சா யார்கிட்ட சொல்லுவே?”

விசிறி சுற்றியது. டீச்சர் மண்டியிட்டு, “அன்னிக்குக் காது வலிச்சுதே, அது மாதிரி வலிச்சா?” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பிள்ளையின் கண் விசிறியை விட்டு வரவில்லை. தலைமையாசிரியை பெருமூச்சு விட்டுக் காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். அது என்ன காகிதம் என்று மைக்கக்காவுக்குத் தெரியும். இதற்குமுன் இரண்டு பார்த்தவள்.

அவள் எழுந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தாள், கரகரவென்று ஏதோ வந்தது, அதோடு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே மாட்டேன் என்கிற இருமல். தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

சின்ன மைக் விசிறியிலிருந்து கண்ணை எடுத்தாள். அம்மாவின் தொண்டையைப் பார்த்தாள். அங்கிருந்த கைகளைப் பார்த்தாள். நேராக மேசைக்குப் போய், மணியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். முதுகை நிமிர்த்தி, மைக்குக்கு விடவேண்டிய இடைவெளியை விட்டுச் சொன்னாள்:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அம்மாவுக்கு வலிக்கிறது. அம்மாவுக்கு உதவி தேவை.”

மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்த பியூன் கதவில் தலையை நீட்டி, “கூப்பிட்டீங்களா மேடம்?” என்றார்.

“ஆமா” என்றார் தலைமையாசிரியை. “வெந்நீர் கொண்டு வாங்க. சீக்கிரம்.”

சொல்லிக் கொடுத்தது ‘எனக்கு’. பிள்ளை சொன்னது ‘அம்மாவுக்கு’. எத்தனையோ சனிக்கிழமைகள் கேட்டுக்கேட்டு உள்ளே வைத்திருந்த வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லைத் தானே மாற்றியிருந்தாள். எந்தக் கிளியும் அதைச் செய்யாது. அது தலைமையாசிரியைக்கும் தெரிந்துவிட்டது. அவர் உருவிய காகிதத்தைக் கட்டுக்குள் திரும்பச் செருகினார்.

“அன்னிக்குக் கிளிப்பிள்ளைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு” என்றார். “உதவியாள் இப்ப வேண்டாம், பார்த்துக்கலாம். டீச்சர், சனிக்கிழமை ஒருதடவை ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வாங்க. இவ பாஷையை நாமளும் கொஞ்சம் கத்துக்கணும்ல?”

மைக்கக்காவால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. கையைக் குவித்தாள். வெந்நீர் வந்தது. சின்ன மைக் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “ரத்து செய்யப்படுகிறது” என்று தள்ளி வைத்தாள். நிஜமாகவே ரொம்பச் சூடாகத்தான் இருந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே ஆற்றிக் கொடுத்தாள்.

அவர்கள் வெளியே வரும்போது அப்பா பள்ளி வாசலுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் டயர் கறுப்பு, கண்ணெல்லாம் தூக்கம். மூச்சு வாங்க, “என்னாச்சு? என்ன சொன்னாங்க?” என்றார். மைக்கக்கா வாயைத் திறந்தாள், காற்று. கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்து அந்த மனுஷர் முகம் செத்துவிட்டது. “போச்சா?” என்றார்.

சின்ன மைக் அப்பாவின் கறுப்பு விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றாள். “பள்ளிக்கூடம் வழக்கம்போல் இயங்கும்.”