நாற்பத்தைந்தாம் பெட்டி

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பேரோல் பகுதியில் சம்பளக் கணக்குப் பார்த்தேன். சம்பளம் பிழைத்தால் அன்றைக்கே வந்து நிற்பார்கள். வருமான வரிக்காக வருடாவருடம் நாங்கள் கொடுக்கும் ரி4 படிவம் பிழைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் சனம் அது வரும் உறையை உடைப்பதே இல்லை. அப்படியே கொண்டுபோய் ரக்ஸ் கணக்குச் செய்கிற அண்ணையிடம் கொடுத்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ரி4இல் நாற்பத்தைந்தாம் பெட்டி வந்தது. வேலையிடம் பல் காப்புறுதி தருகிறதா என்பதை அதில் இலக்கமாகப் போடவேண்டும். ஒன்று என்றால் இல்லை. மூன்று என்றால் குடும்பத்துக்கே உண்டு. உண்டு என்று இலக்கம் விழுந்தவருக்கு அரசாங்கத்தின் பல் சிகிச்சைத் திட்டம் கிடைக்காது. எங்கள் முழுநேர ஆட்களுக்கு மூன்று, பகுதிநேர ஆட்களுக்கு ஒன்று. நானோ கணினிப் பட்டியலில் முதல் பெயருக்கு மூன்றைப் போட்டு, அதையே கடைசிப் பெயர்வரை மவுஸால் இழுத்துவிட்டேன். அவசரம்கூட இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற மிதப்புத்தான்.

இலையுதிர் காலத்தில் செல்வமணி அக்கா என் மேசைக்கு வந்தார். அறுபத்தேழு வயது. பாண் பொதி செய்யும் பகுதிநேர வேலை, நான் எடுத்துக் கொடுத்தது. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அரசாங்கம் மறுத்து எழுதிய கடிதத்தை நீட்டினார்.

“எங்களுக்கு வேலையில பல்லுக்கு இன்சூரன்ஸ் இருக்காம், தங்கச்சி. அப்பிடி ஒண்டு இருக்கோ?”

கடிதம் மூன்று மாதம் பழையது. ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். குரல் ஏறிவிட்டது. பிழை யாருடையது என்று அதற்குள் எனக்கு விளங்கியிருந்தது.

“நீங்கள் எடுத்துத் தந்த வேலை. நீங்கள் எழுதினதைப் பிழையெண்டு நான் எப்பிடி வந்து சொல்லுறது?”

அந்த மூன்று மாதத்தில் இரண்டு பல்லைப் பிடுங்கியிருந்தார். வேர்ச்சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம் என்று பல் வைத்தியர் சொன்னாராம். அதற்கு வசதியில்லை, நோவும் தாங்கவில்லை.

அன்றைக்கே முகாமையாளரிடம் என் பிழை என்று சொல்லி, பகுதிநேர ஆட்கள் எல்லாருக்கும் திருத்திய ரி4 அனுப்பினேன். திட்டம் கிடைத்து, அக்காவின் கன்னத்தை வீங்கவைத்த மூன்றாவது பல் தப்பியது. போன இரண்டும் என்னால் போனவை.

அதன்பின் ஒவ்வொரு மாசியிலும் ரி4 கொடுக்கும்போது பகுதிநேர ஆட்களைக் கூப்பிட்டு, உறையை என் முன்னாலேயே உடைக்கச் சொல்லி, அந்தப் பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். செல்வமணி அக்கா மட்டும் உடைக்கவே இல்லை.

“நீங்கள் செய்தாச் சரியாத்தான் இருக்கும்” என்று கைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

அந்தச் சொல்லுக்குப் பயந்தே, ஓய்வுபெறும்வரை, ஒவ்வொரு பெயராகப் பார்த்து இலக்கம் போட்டேன்.