பட்டறைக்கு மை போட்டுப் போன காலை

விளக்கெண்ணெய் மை வேர்வையில கரைஞ்சு கண்ணுக்குள்ள இறங்கினா எப்படி எரியும்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்...

யுத்தத்துல ஜப்பான்காரன் இங்க வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி. எனக்கு இருபது வயசு. பகல்ல ரயில் பட்டறையில ஃபிட்டர் வேலை. சாயங்காலமானா பிரிக்பீல்ட்ஸ்ல எங்க நாடகக் கோஷ்டி. பொண்ணுங்க மேடை ஏறாத காலம், ராணி வேஷம் எனக்கு.

நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் டைப் பண்றா. இப்பவே சிரிக்கிறா.

முதல் வருஷம் வீட்டுல சுட்ட மையைத்தான் போட்டேன். மேல கேஸ் லைட்டு சூடு. ராஜா செத்துட்டாருன்னு நான் அழற கட்டம்... மை ரெண்டு கன்னத்துலயும் வழியுது. ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அடுத்த வருஷம் ஒருத்தன் சிரிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்.

பெட்டாலிங் ஸ்ட்ரீட் கடைத்தெருவுக்குப் போனேன். இந்தியாவுல இருந்து வந்த டப்பா மை நல்ல பளபளப்பு, ஆனா விரல் பட்டாலே இழுகுது. வெள்ளைக்காரிங்க போடுற பென்சில் ஒண்ணு காட்டினாங்க. பழுப்பு நிறம், நம்ம தோலுக்கு எடுக்கவே எடுக்காது. கடைசியா ஒரு சீனர் கடையில, அவங்க கூத்துக்காரங்க போடுற கறுப்புக் கட்டி. கடைக்காரர் தன் புறங்கையில ஒரு கோடு இழுத்து, தண்ணி ஊத்தித் தேய்ச்சாரு. கோடு அப்படியே இருந்துச்சு.

"இனி தா லுந்தூர்"னு மலாய்ல சொன்னாரு. கரையவே கரையாதாம்.

தீக்குச்சி முனையை மழுக்கி, அதுல தொட்டு, வாயைத் திறந்து மூச்சைப் பிடிச்சு இழுக்கணும். ஓரத்துல சின்னதா ஒரு வால். அந்த வருஷம் நான் அழுதப்போ முன் வரிசைப் பொம்பளைங்க முந்தானையில மூக்கைத் துடைச்சாங்க. எவனும் சிரிக்கல.

ஆனா காலையில மை போகல!

சவுக்காரம் போட்டுத் தேய்ச்சேன். கண்ணு சிவந்ததுதான் மிச்சம். பட்டறையில சங்கு ஊதிட்டான், அப்படியே ஓடினேன்.

"ராணியம்மா வந்துட்டாங்க, நாற்காலி போடுங்கடா!"ன்னு பட்டறையே குலுங்குச்சு. மேஸ்திரி மட்டும் சிரிக்கல.

"என்னடா கண்றாவி இது? துடைச்சிட்டு வேலையைத் தொடு. இல்லன்னா வீட்டுக்குப் போ. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான்தான் எழுதணும், ஞாபகம் வச்சுக்க."

நிரந்தரமானா குவார்ட்டர்ஸ் வீடு கிடைக்கும். நானும் அம்மாவும் அப்போ சித்தப்பா வீட்டுல ஒண்டிக்கிட்டு இருந்தோம். அம்மா அடுப்படியிலதான் படுப்பாங்க.

பயந்துட்டேன், பொய் சொல்வானேன். மண்ணெண்ணெய் தொட்ட துணியால இடது கண்ணைத் துடைச்சேன். எரிச்சல் தாங்கல, ஆனா மை போயிடுச்சு. வலது கண்ணுக்குத் துணியைக் கொண்டு போறேன்... மேஸ்திரி சொன்னாரு.

"ம்... இப்பத்தான்டா ஆம்பளை மாதிரி இருக்க."

எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தக் கோபம். சுத்திப் பார்த்தேன். முப்பது பேர் நிக்கிறாங்க. நெத்தி, மூக்கு, காதுமடல் எல்லாம் கரி. மேஸ்திரி மீசையிலயும் கரி.

பக்கத்துல நின்ன இன்ஜினோட புகைப்பெட்டியில விரலை விட்டுக் கரியை வழிச்சேன். எண்ணெய் கேன்ல இருந்து ஒரு சொட்டு. உள்ளங்கையில குழைச்சு, துடைச்ச கண்ணுக்கு மறுபடியும் கோடு இழுத்தேன். கண்ணாடி கிடையாது. ஆனாலும் வால் வச்சுத்தான் முடிச்சேன்.

"இங்க எல்லார் மூஞ்சியிலயும் கரிதான் மேஸ்திரி. என்னோடது கோடா இருக்கு, அவ்வளவுதான்."

வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்க அந்தக் கண்ணோடதான் நடந்தேன்.

நிரந்தரம் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சு. அந்த ரெண்டு வருஷமும் அம்மா அடுப்படியிலயே படுத்தாங்க. அதை நினைச்சா இன்னிக்கும் வலிக்கும். மை போட்டதுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. யுத்தம் வர்ற வரைக்கும் ராணி வேஷத்தை எவனுக்கும் விட்டுக் கொடுக்கல.

இப்போ மருமகள் கிட்ட பேனா மாதிரி ஒண்ணு இருக்கு. டிராஃபிக் லைட் பச்சை ஆகுறதுக்குள்ள ரெண்டு கண்ணுக்கும் போட்டு முடிச்சிடுறா. சாயங்காலம் பஞ்சுல ஒரு இழுப்பு, போயிடுது.

டைப் பண்றதை நிறுத்திட்டுக் கேக்குறா: "ஒரு கோட்டுக்கா மாமா இவ்வளவு? பேசாம துடைச்சிருக்கலாம்லா..."

உன்னை யாரும் துடைன்னு சொன்னதில்லம்மா. சொல்லியிருந்தா, நீயும் துடைச்சிருக்க மாட்ட.